குழுவில் படம் போடப் பழகுபவருக்கு எந்த வழி நல்லது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

மாடித் தோட்டக் குழுக்களில் இது அடிக்கடி நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், "மிளகாய்ச் செடியின் இலை சுருண்டுபோகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். "படம் போடுங்கள்" என்று நாலைந்து பேர் எழுதுகிறார்கள். அதோடு கேட்டவரிடமிருந்து சத்தமே இல்லை.

அவருக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பேரனின் பிறந்தநாளை எல்லாக் கோணத்திலும் எடுத்து வைத்திருப்பார். வீட்டாருக்கு அனுப்பவும் தெரியும். ஆனால், முன்பின் தெரியாத சில நூறு பேர் பார்க்கும் இடத்தில் தப்பான படம் போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தயக்கம் அங்கேதான் இருக்கிறது.

சென்னையில் இன்று எதற்கும் ஒரு குழு இருக்கிறது. பள்ளிக்கரணைப் பறவைகளுக்கு ஒன்று, மார்கழிக் கோலத்துக்கு ஒன்று, கல்வெட்டு படிப்பவர்களுக்கு ஒன்று, அடுக்ககச் சங்கத்துக்கு ஒன்று. அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஆர்வத்தோடு இவற்றில் சேர்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மகளோ மருமகனோ பேத்தியோ என்னிடம் கேட்பது இதுதான்: "வாட்ஸ்அப்பிலேயே போடச் சொல்லட்டுமா, டெலிகிராம் நல்லதா, கூகுள் லிங்க் கொடுக்கச் சொல்லட்டுமா?" அதற்கான பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

பெரும்பாலும் "எது சுலபம்?" என்று மட்டும்தான் கேட்கிறோம். அது போதாது. நான் ஐந்தைப் பார்க்கிறேன்.

திருத்த முடியுமா? தவறான படம் போய்விட்டால், எவ்வளவு நேரத்துக்குள், எவ்வளவு முழுமையாக அதைத் திரும்பப் பெறலாம் என்பது என் முதல் அளவுகோல். பழகுபவருக்குத் தைரியம் தருவது இதுதான்.

ஒத்திகைக்கு இடம் உண்டா? யாரும் பார்க்காமல் போட்டுப் பார்க்கும் வசதி.

தெளிவு எவ்வளவு மிஞ்சும்? பூவின் அழகைக் காட்டப் போதுமான தெளிவு, பூச்சியை அடையாளம் காணப் போதாது.

படத்தோடு வேறு என்ன போகிறது? தொலைபேசி எண், படம் எடுத்த இடம், எடுத்த நேரம் ஆகியவை.

பிற்பாடு கிடைக்குமா? அடுத்த ஆண்டு அதே சந்தேகத்தோடு வருபவர் இந்தப் படத்தையும் பதிலையும் தேடி எடுக்க முடிய வேண்டும்.

பணச் செலவை நான் தனியாக எண்ணவில்லை. இந்த ஐந்து வழிகளுமே தொடக்கத்தில் இலவசம். செலவு பின்னால் வேறு உருவத்தில் வரும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எந்த வழியானாலும் முதலில் இதைக் கற்றுக்கொடுங்கள்: வெட்டுதல்

இன்றைய சாதாரண ஃபோன் 12 மெகாபிக்சல் படம் எடுக்கிறது என்றால், அது ஏறத்தாழ 4000 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளி) அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது. அதைச் செயலி வழியாகப் படமாக அனுப்பும்போது செயலி அதைச் சிறிதாக்குகிறது. நீளமான பக்கம் 1600 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 1600-க்கு 1200. ஒரு கோடியே 20 லட்சம் புள்ளிகளில் 20 லட்சத்துக்கும் குறைவானவையே மறுமுனைக்குப் போய்ச் சேரும்.

இலை அந்தப் படத்தின் கால் பங்கு அகலத்தில் இருந்தது என்றால், எடுத்தபோது இலைக்கு 1000 பிக்சல். போய்ச் சேரும்போது 400. இலையின் அடியில் ஊர்ந்த பேன் அதற்குள் கரைந்துபோயிருக்கும். அதே படத்தை அனுப்பும் முன் இலையை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டால், மிஞ்சுவது 1000 பிக்சல் அகலப் படம். செயலிக்கு அதைச் சிறிதாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரமும் அப்படியே போகும்.

வெட்டுவது எல்லா ஃபோனின் கேலரியிலும் இருக்கிறது. படத்தைத் திறந்து, திருத்தும் குறியைத் தொட்டு, நான்கு மூலைகளையும் உள்ளே இழுத்தால் போதும். இந்த ஒன்று கைவந்துவிட்டால், எந்தச் செயலி என்ற கேள்வியின் பாதிக் கனம் குறைந்துவிடும். பின்னணியில் மாட்டியிருக்கும் வீட்டு எண்ணும், மேசை மேல் கிடக்கும் மின்கட்டண ரசீதும் அதோடு சேர்ந்து வெளியேறிவிடும்.

மிளகாய் இலைக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். இலைப்பேன் தாக்கினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். சிலந்திப்பேன் வகை தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். இரண்டுக்கும் மருந்து வேறு. மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, முழுச் செடி ஒன்று என்று மூன்று படங்கள் வந்தால் அனுபவசாலி ஒருவர் அங்கேயே பதில் சொல்லிவிடுவார். தூரத்திலிருந்து எடுத்த ஒரே படம் வந்தால், பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள்.

## வழி 1: வாட்ஸ்அப்

சென்னையில் பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் இருக்கின்றன. பழகுபவரின் கை ஏற்கெனவே பழகிய இடம் என்பதே இதன் பெரிய பலம். ஆனால் வாட்ஸ்அப்புக்குள்ளேயே மூன்று வழிகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

முதலாவது, சாதாரணப் படம். சுருக்கிய அளவில், சட்டென்று போகும். வெட்டிய படத்துக்கு இதுவே போதும். இரண்டாவது, எச்டி. 2023 ஆகஸ்டில் வந்த வசதி. படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே தெரியும் எச்டி குறியைத் தொட்டால், கூடுதல் பிக்சல்களோடு போகும். அப்போதும் கொஞ்சம் சுருக்கம் உண்டு. மூன்றாவது, ஆவணமாக அனுப்புவது. இணைப்புக் குறியைத் தொட்டு, கேலரிக்குப் பதிலாக ஆவணம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், கேமரா எடுத்த கோப்பு ஒரு புள்ளி குறையாமல் போய்ச் சேரும். 2 ஜிபி வரை அனுப்பலாம்.

திருத்த முடியுமா? சுமார் இரண்டரை நாள் வரை "எல்லோருக்கும் நீக்கு" என்று எடுத்துவிடலாம். படத்தோடு எழுதிய வரியில் பிழை இருந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். படத்தை மட்டும் மாற்ற வழியில்லை. நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும். போட்டவர் நீக்க மறந்தாலும் குழுவை நடத்தும் அட்மின் நீக்க முடியும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நீக்கும்போது வரும் இரண்டு தேர்வுகளில் "எனக்கு மட்டும்" என்பதைப் பதற்றத்தில் தொட்டுவிடுகிறார்கள். படம் தங்கள் திரையிலிருந்து மறைந்ததும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். மற்ற அத்தனை பேரிடமும் அது இருக்கும். இந்த இரண்டு தேர்வுகளின் வேறுபாட்டை, படம் அனுப்பக் கற்றுக்கொடுக்கும் அன்றே செய்து காட்டிவிடுங்கள். "எனக்கு மட்டும்" என்று தொட்ட அடுத்த சில நொடிகளுக்கு, அந்தச் செயலைத் திரும்பப் பெறும் வாய்ப்புத் திரையின் கீழே தோன்றும். அதையும் காட்டுங்கள்.

ஒத்திகை: தனக்குத் தானே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. அதைவிட நல்லது, நீங்களும் அவரும் மட்டும் இருக்கும் இருவர் குழு. பெரிய குழுவில் செய்யப்போகும் அத்தனையையும் அங்கே செய்து பார்க்கலாம்.

கூடவே போவது: படமாக அனுப்பினால், எடுத்த இடம் பற்றிய குறிப்பு அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் அது கோப்புக்குள்ளேயே இருக்கக்கூடும். வீட்டு மாடியில் எடுத்த படம் என்றால் வீடு இருக்கும் இடமே அதில் பதிந்திருக்கும். மற்றொன்று தொலைபேசி எண். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். நீங்கள் படம் போட்டதும் உங்கள் எண் அத்தனை பேர் கண்ணிலும் படுகிறது. தனியாக வாழும் மூத்தவர்களுக்கும் பெண்களுக்கும் இது சின்ன விஷயமே அல்ல.

மறைந்த செலவு: எச்டியோ ஆவணமோ அனுப்பினால், பாரம் மற்றவர்கள் தலையில். 4 எம்பி படம் ஒன்றை 300 பேர் உள்ள குழுவில் போட்டால், 300 ஃபோன்களில் இடம் பிடிக்கும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதி 2024 முதல் கூகுள் கணக்கின் 15 ஜிபிக்குள் சேர்த்து எண்ணப்படுகிறது. அந்த இடம் நிரம்பினால் ஜிமெயிலில் புதிய கடிதங்கள் வந்து சேராது. ஓய்வூதியக் கடிதமும் வங்கிக் கடிதமும் நின்றுபோனதற்குக் காரணம் காலை வணக்கப் படங்கள்தான் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. அமைப்புகளில், படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவைப்பது நல்லது.

பிற்பாடு: இங்கேதான் வாட்ஸ்அப் மிகவும் பலவீனம். ஜனவரியில் ஒருவர் அருமையாக விளக்கிய பதில், ஜூனில் சேருபவருக்குப் பொதுவாகத் தெரியாது. அதனால் ஒரே கேள்வி ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கிறது.

## வழி 2: டெலிகிராம்

அளவுகோல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பழகுபவருக்கு மிகப் பொருத்தமானது இதுதான். போட்ட செய்தியை 48 மணி நேரம் வரை திருத்தலாம். எழுத்தை மட்டுமல்ல, படத்தையே மாற்றலாம். மங்கலான படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் தெளிவான படத்தை வைக்கலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

தொலைபேசி எண்ணை யாருக்கும் காட்டாமல் மறைத்துவைக்கலாம். படமாகவும் அனுப்பலாம், சுருக்காமல் கோப்பாகவும் அனுப்பலாம். கோப்பாக அனுப்பினால் இடக்குறிப்பும் கூடவே போகும் என்ற எச்சரிக்கை இங்கும் பொருந்தும். அட்மின் அனுமதித்திருந்தால், புதிதாகச் சேர்ந்தவர் பழைய படங்களையும் பதில்களையும் முதலிலிருந்தே பார்க்கலாம். "சேமித்த செய்திகள்" என்ற தனி இடம் ஒத்திகைக்கு ஏற்றது. கோப்புகள் டெலிகிராமின் சேவையகத்தில் இருப்பதால், ஃபோன் நிரம்பினால் ஃபோனில் சேர்ந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கவில்லை? அவர்கள் தேடும் குழு பெரும்பாலும் இங்கே இல்லை. புதிய செயலியை நிறுவி, கணக்குத் தொடங்கி, எண்ணை மறைத்து, அறிவிப்புகளை அடக்கி முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் பங்குச்சந்தை, பகுதிநேர வேலை என்று ஆசைகாட்டும் குழுக்களில் நம்மைச் சேர்த்துவிடுவது இங்கே தொல்லையாக இருக்கிறது. குழுவில் நம்மை யார் சேர்க்கலாம் என்ற அமைப்பை "என் தொடர்புகள்" என்று மாற்றாமல் இதை மூத்தவர் ஒருவரின் கையில் கொடுக்காதீர்கள்.

## வழி 3: பேஸ்புக் குழு

கோலம், கோயில் திருவிழா, பழைய சென்னைப் படங்கள், சமையல் என்று பலர் பார்த்து ரசிக்க வேண்டியவற்றுக்கு இது நல்ல இடம். ஒரே பதிவில் பல படங்களைப் போடலாம். ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் குறிப்பு எழுதலாம். எப்போது வேண்டுமானாலும் பதிவைத் திருத்தலாம், நீக்கலாம். பதில்கள் அந்தந்தப் படத்தின் கீழேயே சேர்கின்றன. குழுவுக்குள் தேடும் வசதி இருப்பதால், பழைய பதிவுகள் ஓரளவு கிடைக்கும்.

பதிவேறும் படத்திலிருந்து இடக்குறிப்பு நீக்கப்படுகிறது. ஆனால் உங்கள் பெயரும் முகமும் கூடவே நிற்கின்றன. பெயரைத் தொட்டால் உங்கள் பக்கம் திறக்கும். அங்கே பேத்தியின் பள்ளிச் சீருடைப் படம் பொதுவில் இருந்தால், மாடித் தோட்டக் குழுவில் செடி பற்றிக் கேட்டவரின் வீட்டுக் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது வரை அந்நியருக்குத் தெரிந்துவிடும். குழுவில் படம் போடும் முன், சொந்தப் பக்கத்தின் பழைய பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட வேண்டும்.

குழு பொதுவானதா, தனிப்பட்டதா என்று பார்ப்பதும் அவசியம். பொதுக் குழுவில் போட்டதை உறுப்பினர் அல்லாதவரும் பார்க்கலாம். ஒத்திகைக்கு, சொந்தப் பக்கத்தில் "நான் மட்டும்" என்று வைத்து ஒரு பதிவு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

## வழி 4: மின்னஞ்சல் குழுமம்

தமிழ் இணையத்தில் பல விவாதங்கள் மின்னஞ்சல் குழுமங்களில்தான் நடந்தன. மின்தமிழ் போன்ற கூகுள் குழுமங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. வரலாறு, கல்வெட்டு, இலக்கியம் என்று நிதானமாகப் பேசுபவர்களுக்கு இது இன்றும் பொருந்துகிறது. இணைப்பாகப் போகும் படம் முழுத் தெளிவோடு போகிறது. பல ஆண்டுகளுக்கு முந்தைய கடிதத்தையும் தேடி எடுக்கலாம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. போன கடிதம் போனதுதான். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 நொடி அவகாசம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வழியில்லை. இயல்பாக 5 நொடியில் இருக்கும் அந்த அவகாசத்தை அமைப்புகளில் 30 ஆக மாற்றிவைப்பதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

இணைப்புகளின் மொத்த அளவு 25 எம்பி. ஐந்தாறு படங்கள் வரை கவலையில்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு சிக்கல்: 2017 முதல் ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. பழைய கணினிகளில் அது திறக்காமல் போகலாம். கேமரா அமைப்பில் வடிவங்கள் என்ற பகுதிக்குப் போய், எல்லாவற்றோடும் பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதன் பிறகு எடுப்பவை ஜேபெக் வடிவில் இருக்கும்.

ஒத்திகை மிக எளிது. கடிதத்தை முதலில் தனக்கே அனுப்பிப் பார்க்கலாம்.

## வழி 5: வேறிடத்தில் ஏற்றி, லிங்க் கொடுப்பது

கூகுள் ஃபோட்டோஸ், டிரைவ், அல்லது படங்களை ஏற்றிவைக்கும் தளங்களில் போட்டுவிட்டு, குழுவில் லிங்க் மட்டும் கொடுப்பது இது. இளையவர்கள் பெற்றோருக்கு ஆசையாகச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நான் இதை முதல் வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

காரணம், இது தவறினால் தவறியது அவருக்குத் தெரியாது. டிரைவில் ஏற்றிய படம் இயல்பாகவே பூட்டப்பட்ட நிலையில் இருக்கும். லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று மாற்றினால்தான் மற்றவர்களுக்குத் திறக்கும். மாற்றாமல் லிங்கைப் போட்டால், போட்டவர் தொடும்போது படம் அழகாகத் திறக்கும். அவர் தன் கணக்கில் இருக்கிறார் அல்லவா! மற்றவர்களுக்கோ அனுமதி கேட்கும் பக்கம் வரும். பாதிப் பேர் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். மீதிப் பேரின் அனுமதிக் கோரிக்கைகள் மின்னஞ்சலில் வந்து குவியும். "படம் போட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை" என்ற வருத்தம் மட்டும் அவரிடம் மிஞ்சும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரு படத்தைப் பகிர நினைத்து, முழு ஆல்பத்தையும் பகிர்ந்துவிடுவது. லிங்க் கைமாறும் என்பதை மறக்கக் கூடாது.

பிற்பாடு என்ற அளவுகோலில் இந்த வழியின் சரித்திரமே நமக்குப் பாடம். 2017-இல் ஃபோட்டோபக்கெட் என்ற தளம், மற்ற தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் கட்ட வேண்டும் என்று திடீரென்று விதியை மாற்றியது. உலகெங்கும் விவாதத் தளங்களில் இருந்த படங்கள் ஒரே நேரத்தில் வெறும் பெட்டிகளாயின. ஃபிளிக்கர் 2019-இல் இலவசக் கணக்குகளை 1000 படங்களோடு நிறுத்தியது. இம்கர் 2023-இல், கணக்கில்லாமல் ஏற்றப்பட்டுப் பயன்படாமல் கிடந்த பழைய படங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. கூகுள் ஃபோட்டோஸின் அளவற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நின்றுபோனது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கூகுள் கணக்குகளும் நீக்கப்படலாம். எழுத்து ஓரிடத்தில், படம் வேறிடத்தில் என்று பிரிந்திருந்தால், படம்தான் முதலில் தொலைகிறது. குழுவே மூடப்பட்டால் இரண்டும் தொலையும் என்பதற்கு, 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்ட யாஹூ குழுமங்கள் சாட்சி.

இத்தனைக்குப் பிறகும், இதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவர் விழாவில் எடுத்த எண்பது படங்களைக் குழுவில் கொட்டுவதைவிட, மூன்றைப் போட்டு மற்றவற்றுக்கு ஆல்பம் லிங்க் கொடுப்பதே மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஆல்பத்தின் அமைப்பில் படம் எடுத்த இடத்தைக் காட்டுவதை அணைத்துவிடலாம். லிங்க் வேலை செய்கிறதா என்று பார்க்க, உங்கள் கணக்கில் நுழையாத நிலையில் திறக்கும் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தவறினால் | தெளிவு | கூடவே போவது | அடுத்த ஆண்டு தேடினால் |
|---|---|---|---|---|
| வாட்ஸ்அப், படமாக | சுமார் இரண்டரை நாள் வரை நீக்கலாம் | குறையும்; வெட்டினால் போதும் | தொலைபேசி எண் | கடினம் |
| வாட்ஸ்அப், ஆவணமாக | அதேதான் | முழுமை | எண். இடக்குறிப்பும் போகக்கூடும் | கடினம் |
| டெலிகிராம் | 48 மணி நேரம் வரை படத்தையே மாற்றலாம் | இரண்டு விதமும் உண்டு | எண்ணை மறைக்கலாம். கோப்பில் இடக்குறிப்பு | கிடைக்கும் |
| பேஸ்புக் குழு | எப்போதும் திருத்தலாம் | சுருங்கும் | பெயர், சொந்தப் பக்கம் | ஓரளவு கிடைக்கும் |
| மின்னஞ்சல் | 30 நொடிக்குள் மட்டும் | முழுமை | மின்னஞ்சல் முகவரி. இடக்குறிப்பு | நன்றாகக் கிடைக்கும் |
| லிங்க் | அனுமதியை எப்போதும் மூடலாம் | முழுமை | ஆல்பத்தில் உள்ள அனைத்தும் | தளத்தைப் பொறுத்தது |

## யாருக்கு எது?

செடி, பூச்சி, சமையல் சந்தேகம். இன்றே பதில் வேண்டும்: வாட்ஸ்அப்பில், வெட்டிய சாதாரணப் படம். எச்டி கூடத் தேவைப்படாது. படத்தோடு ஒரு வரி கட்டாயம்: என்ன செடி, எத்தனை நாளாக இப்படி, இதுவரை என்ன தெளித்தீர்கள்.

பறவை அடையாளம்: 2022-இல் ராம்சர் ஈரநிலமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையில், தூரத்தில் நிற்கும் உள்ளான் என்ற நீர்க்கரைப் பறவை ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். பவளக்காலியா, பச்சைக்காலியா என்று சொல்ல, காலின் நிறமும் அலகின் தடிப்பும் தெரிய வேண்டும். வெட்டிய படத்தை முதலில் போடுங்கள். யாராவது கேட்டால் அசல் கோப்பை ஆவணமாக அனுப்புங்கள். கூடு, முட்டை, குஞ்சு என்றால் மட்டும் இடக்குறிப்புள்ள கோப்பைக் குழுவில் போடவே வேண்டாம். கூடு இருக்கும் இடம் தெரிந்தால் படம் எடுக்கக் கூட்டம் கூடும். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடலாம்.

கல்வெட்டு, பழைய பத்திரம், ஓலை: ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பல எழுத்துகளுக்குப் புள்ளியே இருக்காது. தேய்ந்த கோடு ஒன்றை வைத்துத்தான் படிக்கிறார்கள். அந்தக் கோட்டைச் சுருக்கத்துக்குப் பலிகொடுக்கக் கூடாது. பத்திரமாக இருந்தால் உயிரோடு இருப்பவர்களின் பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவற்றை மறைத்த பிறகே அனுப்ப வேண்டும்.

கோலம், திருவிழா, ஊர்ப் படங்கள்: பேஸ்புக் குழு. எண்ணிக்கை அதிகமானால், சில படங்களோடு ஆல்பம் லிங்க்.

எண்ணை யாருக்கும் காட்ட விரும்பாதவர்: அதே துறைக்கு டெலிகிராம் குழு இருந்தால், கொஞ்சம் சிரமப்பட்டாவது அங்கே சேருங்கள். இல்லையென்றால் பேஸ்புக்கின் தனிப்பட்ட குழு.

புதிதாகக் குழு தொடங்க நினைக்கும் அட்மின்: கேள்வி பதிலாக நடக்கப்போகும் குழு என்றால் டெலிகிராமை யோசியுங்கள். பழைய பதில்கள் புதியவர்களுக்குக் கிடைப்பது ஒன்றுக்காகவே அந்தச் சிரமம் தகும்.

## சொல்லிக்கொடுக்கும்போது

ஒரே வழியை மட்டும் சொல்லிக்கொடுங்கள். எல்லாம் தெரிந்தால் நல்லதுதானே என்று அடுத்தடுத்துச் சொன்னால், எந்தத் திரையில் எந்தக் குறி என்பது குழம்பிவிடும். போடுவதற்கு முன்பே நீக்குவதைச் செய்து காட்டுங்கள். அவர் கையாலேயே இருவர் குழுவில் ஒரு படத்தைப் போட்டு, அவர் கையாலேயே நீக்கட்டும். ஃபோனை நீங்கள் வாங்கி வேகமாகச் செய்துகாட்டினால் அவருக்கு எதுவும் தங்காது.

"கேலரியில் இருக்கும் படம் வாட்ஸ்அப்பில் தெரியவில்லை" என்று சொன்னால், பெரும்பாலும் அனுமதிதான் காரணம். புதிய ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் சில படங்களை மட்டும் செயலிக்குக் காட்டும் தேர்வு இருக்கிறது. முதல் நாள் அதைத் தொட்டிருப்பார். ஃபோன் அமைப்பில் அந்தச் செயலிக்கான அனுமதியை மாற்றினால் படங்கள் தெரியும்.

படம் குழுவுக்குப் போகாமல் ஸ்டேட்டஸுக்குப் போய்விட்டால் பதற வேண்டாம். ஸ்டேட்டஸ் பட்டியலில் அதை அழுத்திப் பிடித்தால் நீக்கலாம்.

நீங்கள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறீர்கள், அம்மா நங்கநல்லூரில் இருக்கிறார் என்றால், வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரும் வசதியைப் பயன்படுத்தலாம். அவர் எதைத் தொடுகிறார் என்பதை நேரடியாகப் பார்த்தபடி சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் திரையைப் பகிரும்போது வங்கியிலிருந்து வரும் ஓடிபி உள்பட அத்தனையும் மறுமுனையில் தெரியும். பிள்ளைகளைத் தவிர வேறு யார் கேட்டாலும், வங்கி ஊழியர் என்று சொன்னாலும், காவல்துறை என்று சொன்னாலும், குழுவின் அட்மினே உதவி செய்ய முன்வந்தாலும் திரையைப் பகிரக் கூடாது என்பதை அந்த முதல் அழைப்பிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.